திருகோணமலைக் கடற்படைத் தளம்: 162 ஆண்டுக் காலத் தொழிலும் வாழ்வும்

பிரித்தானியக் கடற்படை தன் நாட்டுக்கு வெளியே வைத்திருந்த தளங்களுள் நீண்ட காலம் நிலைத்தவற்றில் ஒன்று திருகோணமலை. 1795 ஆகஸ்ட் மாதம் பிரித்தானியர் கைக்கு வந்த இந்தத் துறைமுகம் 1957 ஒக்டோபரில்தான் இலங்கையிடம் வந்தது. இந்த 162 ஆண்டுகளில் கப்பல்கள் இரண்டு முறை மாறின. பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. கரி எரித்த கப்பல் போய் எண்ணெய் எரிக்கும் கப்பல் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் தளத்தின் மதிப்பை ஏற்றியது அல்லது இறக்கியது. ஒரு தளத்தின் பலத்தைப் பீரங்கிகளை எண்ணி மட்டும் அறிய முடியாது. தண்ணீர், எரிபொருள், உணவு, பழுது பார்க்கும் பட்டறை, அவற்றை இயக்கும் கைகள் ஆகியவையே அதன் அடிப்படை. திருகோணமலையில் அந்தக் கைகளில் பெரும்பங்கு கிழக்கு மாகாணத்து மக்களுடையவை.

இடத்தின் அமைப்பு

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழ்ந்த கடற்பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. குடாவின் வடக்கே, குன்றுகளும் சிறு தீவுகளும் சூழ உட்துறைமுகம் அமைந்திருக்கிறது. குறுகிய வாய் வழியே உள்ளே நுழைந்துவிட்டால் எந்தத் திசைக் காற்றும் கப்பலைப் பெரிதாக அசைப்பதில்லை. பெரிய போர்க்கப்பல்களும் கரைக்கு அருகே நங்கூரமிடலாம். நுழைவாயிலைக் காப்பதற்கு ஒல்லாந்தர் கட்டிய ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டில் நிற்கிறது. நகரத்தின் கடல் முனையில், சுவாமி மலைப் பாறையை உள்ளடக்கிப் பிரெடெரிக் கோட்டை இருக்கிறது.

இதன் அருமை வங்காள விரிகுடாவின் பருவக் காற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒக்டோபர் முதல் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லை. சென்னைக்கு அன்று துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நின்றன, சரக்கும் ஆட்களும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்ந்தனர். புயற்காலம் நெருங்கியதும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. இந்தியாவின் கீழ்க்கரையை அந்த மாதங்களில் காவலின்றி விட்டுப்போகாமலிருக்க இருந்த ஒரே வழி திருகோணமலை.

கோட்டைக்கான போட்டி

இந்த அருமையை ஐரோப்பியர் அனைவரும் அறிந்திருந்தனர். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே முனையில் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 ஜனவரியில் எட்வேர்ட் ஹியூஸ் தலைமையிலான பிரித்தானியக் கடற்படை கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரு கடற்படைகளும் திருகோணமலைக்கு வெளியே மோதின. போர் முடிந்தபின் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி கோட்டை மீண்டும் ஒல்லாந்தரிடம் போனது. 1795இல் பிரித்தானியர் மறுபடியும் முற்றுகையிட்டு அதை எடுத்தனர். 1802இல் ஏமியன்ஸ் உடன்படிக்கை அதை உறுதி செய்தது.

திருகோணமலைப் போரின் நினைவாகப் பிரித்தானியக் கடற்படை ஒரு கப்பலுக்கு இவ்வூரின் பெயரைச் சூட்டியது. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற் கட்டுநர்கள் தேக்கு மரத்தால் கட்டி, 1817இல் நீரில் இறக்கிய ‘திருகோணமலை’ என்னும் அந்தப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் மிதக்கிறது.

பாய்மரக் காலத்துக் கப்பற்பட்டறை

19ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவு சென்னையிலிருந்த தன் பண்டசாலைகளை உட்துறைமுகத்துக்கு மாற்றியது. பட்டறை, கயிறும் பாயும் வைக்கும் கிடங்குகள், உணவுப் பண்டசாலை, மருத்துவமனை, தளபதியின் மாளிகை என ஒரு சிறு ஊரே கரையில் எழுந்தது. உள்ளூர் மக்கள் அதை டொக்யார்ட் என்று அழைத்தனர். இன்றும் நகரத்து வீதி ஒன்றின் பெயரில் அது இருக்கிறது.

மரக் கப்பலின் பெரும் பகை கடல்நீரும் கப்பற்புழுவும். அடிப்பலகைகளைச் செப்புத் தகட்டால் மூடினாலும் பாசியும் சிப்பியும் படிந்தால் வேகம் குறையும். உலர்தளம் இல்லாத இடத்தில் கப்பலின் சுமையை இறக்கி இலேசாக்கி, கயிறும் உருளையும் கொண்டு ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளித்தெரியும் பாதியைச் சுரண்டித் துப்புரவாக்கினர். பின் மறுபக்கம் சாய்த்தனர். அலையற்ற, கரையோரமே ஆழமான நீர் இதற்கு வேண்டும். உட்துறைமுகத்தில் அது இருந்தது. பொருத்துகளில் சணல் நார் அடைத்துத் தார் பூசுவதும், முறிந்த பாய்மரத்தை மாற்றுவதும், கிழிந்த பாயைத் தைப்பதும் அன்றாட வேலைகள்.

சுற்றியுள்ள காடும் தளத்துக்கு உதவியது. சாவண்டலை மரம் வளைந்து கொடுக்கும், நீரில் எளிதில் கெடாது. திருகோணமலை மரம் என்ற பெயரில் அது சென்னைக்கு ஏற்றுமதியாகி, அங்கே மசூலாப் படகு கட்டப் பயன்பட்டது. காட்டில் வெட்டிக் கரைக்கு இழுத்து வந்தவர்களின் உழைப்பு பிரித்தானியரின் கணக்கேடுகளில் சில்லறைச் செலவாகவே பதிந்தது. ஆனால் அந்த உழைப்பின்றிப் பட்டறையில் எந்த வேலையும் நடந்திருக்காது.

காவற்படையில் பிரித்தானியரோடு மலாய் வீரர்களும் இருந்தனர். 1873இல் கலைக்கப்பட்ட சிலோன் றைபிள் படையணியில் மலாய் இனத்தவர் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தனர். அக்காலத்தில் கோட்டைக்குள் ஆலயம் இருக்கவில்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை. ஆலயம் நின்ற பாறை உச்சிக்கு அடியார்கள் வந்தனர். அந்தி நேரத்தில் பூசகர் பாறை விளிம்பில் நின்று தேங்காய் உடைத்து, பூவும் பழமும் கடலுக்கு இட்டதை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய எழுத்தாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அந்நியப் படை காவல் நின்ற கோட்டைக்குள் இந்த வழிபாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது திருகோணமலை மக்களின் உறுதி.

நோயும் தளத்தின் வரலாற்றில் ஒரு பகுதி. மலேரியாவும் வாந்திபேதியும் போரை விட அதிகமானோரைக் கொன்றன. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் கிழக்கிந்தியப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1852 ஒக்டோபரில் பர்மாப் போரின் நடுவே ஐராவதி நதியில் நோயுற்று இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.

நீராவியும் வீழ்ச்சியும்

நீராவிக் கப்பலுக்குக் காற்றின் திசை பொருட்டல்ல. பருவக்காற்றுக்கு ஒதுங்க இடம் தேடிய காலம் முடிந்ததும் திருகோணமலையின் முதன்மைக் காரணமும் தளர்ந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் இலங்கையின் தென்மேற்குக் கரையைத் தொட்டுப் போயின. கொழும்பில் 1880களில் அலைதாங்கி கட்டி முடிந்ததும், காலித் துறைமுகத்தின் கரி வியாபாரமும் பயணக் கப்பல்களும் அங்கே போயின. திருகோணமலைக்கு அப்போது ரயில் பாதை இல்லை. பின்புலத்தில் தேயிலைத் தோட்டங்களும் இல்லை. வணிகம் வளராத துறைமுகம் கடற்படையை மட்டுமே நம்பியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கடற்படை வளர்ச்சியைக் கண்ட அட்மிரல் ஜோன் பிஷர், தொலைவில் சிதறிக்கிடந்த கப்பல்களைப் பிரித்தானியாவுக்கு அருகே குவிக்க முடிவு செய்தார். செலவைக் குறைக்க வெளிநாட்டுப் பட்டறைகள் பல மூடப்பட்டன. கனடாவின் ஹலிபக்ஸ், எஸ்குவிமால்ட் ஆகியவற்றோடு திருகோணமலையும் 1905இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. காவற்படையும் விலக்கப்பட்டது. பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வருமானம் இழந்தன. இலண்டனில் எடுக்கும் ஒரு முடிவு திருகோணமலை வீடுகளின் அடுப்பை அணைக்கக்கூடும் என்பதை ஊர் அப்போது கண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் காண நேர்ந்தது.

எண்ணெய்க் குதங்கள்

தளத்துக்கு மறுவாழ்வு தந்தது எண்ணெய். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பிருந்தே பிரித்தானியக் கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமாகப் போகும். கரியை மண்வெட்டியால் அள்ளி நிரப்பும் நாள் முழுதுமான வேலை குழாய் வழியே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கரி பிரித்தானியச் சுரங்கங்களில் கிடைத்தது. எண்ணெய் வெளியிலிருந்து வரவேண்டும். போர் மூண்டால் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்குப் பெருங்கடற்படையை அனுப்ப, வழியெங்கும் எண்ணெய்ச் சேமிப்பு தேவைப்பட்டது. சிங்கப்பூரில் பெருந்தளம் கட்ட 1921இல் முடிவானபோது, அந்தச் சங்கிலியில் திருகோணமலை முக்கிய கண்ணியானது.

உட்துறைமுகத்தின் வடமேற்கே சீனக்குடாவில் 1920களிலும் 1930களிலும் 101 எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும் தடித்த உருக்குத் தாங்கி. கீழ்த் தொகுதி கரையோரமாகவும் மேல் தொகுதி காட்டுக்குள்ளும் பரந்திருந்தது. விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தாலும் அடுத்தது பற்றாதபடி குதங்களை இடைவெளி விட்டு அமைத்தனர். தாங்கிக் கப்பலிலிருந்து குழாய் வழியே எண்ணெய் ஏறியது. மீண்டும் குழாய் வழியே துறைக்கு வந்து போர்க்கப்பலில் இறங்கியது. ஒரு பெரிய போர்க்கப்பல் வயிறு நிரப்பிக்கொள்ள மூவாயிரம் தொன்னுக்கு மேல் வேண்டும் என்பதால், இத்தகைய சேமிப்பில்லாமல் எந்தக் கடற்படையும் இந்து சமுத்திரத்தில் நிலைத்து நிற்க முடியாது.

அதே காலத்தில், 1920களின் இறுதியில், ரயிலும் வந்தது. மாகோவிலிருந்து கிழக்கே வரும் பாதை கல்லோயாச் சந்தியில் பிரிந்து, ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. கடலோர வீதியோ பல ஆறுகளையும் களப்பு வாய்களையும் கடக்கவேண்டியிருந்தது. பனிச்சங்கேணி, வெருகல், கிண்ணியா போன்ற இடங்களில் பாதைப் படகுக்குக் காத்திருப்பதே வழக்கம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. எனவே தளத்தின் கனத்த சரக்கு கடல் வழியாகவும் ரயிலிலும் வந்தது.

1942 ஏப்ரல் 9

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டாம் நிலைத் தளமாக இருந்த திருகோணமலை ஒரே நாளில் முன்னரங்கமானது. மார்ச்சில் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் கிழக்குக் கடற்படையின் தலைமையை ஏற்றார். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்களில் திருகோணமலையின் முறை வந்தது.

ஏப்ரல் 8ஆம் திகதி இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேறச் சொல்லி உத்தரவு பிறந்தது. விமானந்தாங்கி ‘ஹேர்மிஸ்’, ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’ ஆகியவை கரையோரமாகத் தெற்கே போயின. ஹேர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல். அன்று அதன் விமானங்கள் சீனக்குடாவில் இறக்கப்பட்டிருந்தன. கப்பல் வெறுமையாக இருந்தது.

9ஆம் திகதி காலை ஏழு மணிக்குப் பின் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு மேல் வந்தன. சீனக்குடாவின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்து எழுந்தன, எட்டு இழக்கப்பட்டன. பட்டறை, விமானத்தளம், துறையில் நின்ற சரக்குக் கப்பல் ‘சகாயிங்’ ஆகியவை தீப்பற்றின. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து வெடித்தது. அந்தத் தீ பல நாட்கள் எரிந்தது. நகரத்தாரும் தளத் தொழிலாளரும் பெருந்தொகையாக ஊரை விட்டு உள்ளே ஒதுங்கினர். வேலை செய்ய ஆளில்லாமல் துறைமுகம் திணறியது.

மட்டக்களப்புக்கு அப்பால் திரும்பிக்கொண்டிருந்த ஹேர்மிஸ் முற்பகலில் ஜப்பானியரின் கண்ணில் பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அதைத் தேடி வந்தன. உதவிக்குப் போர் விமானங்கள் வந்து சேருமுன் கப்பல் மூழ்கிவிட்டது. கப்டன் றிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். வம்பயரில் 9 பேர் இறந்தனர். அந்தக் கடற்பகுதியில் ‘ஹொலிஹொக்’ என்ற காவற்கப்பலும் இரண்டு எண்ணெய்த் தாங்கிக் கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. அருகே வந்த மருத்துவக் கப்பல் ‘வீற்றா’ சுமார் 600 பேரை நீரிலிருந்து தூக்கியது. ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிறது; பயிற்சி பெற்ற சுழியோடிகள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

இந்த இழப்புக்குப் பின் கிழக்குக் கடற்படையின் பெருங்கப்பல்கள் ஆபிரிக்காவின் கிலிண்டினித் துறைக்குப் பின்வாங்கின. திருகோணமலை காவலுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் உரிய தளமாகத் தொடர்ந்தது.

1944: தளம் இயங்கிய விதம்

1944 ஜனவரியில் கடற்படை திரும்பி வந்தது. தளத்தின் 162 ஆண்டு வரலாற்றில் மிகச் சுறுசுறுப்பான காலம் அதுதான். ‘குயின் எலிசபெத்’, ‘வேலியன்ற்’, ‘றிநவுன்’ முதலிய பெருங்கப்பல்கள் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டன. மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கி ‘சரட்டோகா’வும் ஏப்ரலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ‘றிஷலியூ’வும் வந்து சேர்ந்தன. ஏப்ரல் 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய கடற்படையில் பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்த, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்கள் ஒன்றாகச் சென்றன. நவம்பர் 22ஆம் திகதி பிரித்தானியப் பசிபிக் கடற்படை இங்கேயே உருவாக்கப்பட்டது.

கரையில் தளத்தின் நிர்வாகப் பெயர் ‘ஹைபிளையர்’. கடற்படை மரபில் கரை நிலையத்துக்கும் கப்பலின் பெயரே சூட்டப்படும். அங்கே பணிபுரிவோர் கப்பலில் இருப்பவர்களாகவே கணக்கிடப்படுவர். சீனக்குடாவில் இருந்த கடற்படை விமான நிலையத்துக்கு ‘பம்பரா’ என்று பெயர். விமானந்தாங்கி துறைக்கு வருமுன் அதன் விமானங்கள் அங்கே பறந்து இறங்கும். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அவை மேலெழ முடியாது. பயிற்சியும் பழுதுபார்ப்பும் கரையில்தான் நடக்கவேண்டும்.

கப்பல் ஒன்று துறைக்குள் வருவதே ஒழுங்கான ஒரு தொழில். கடலில் தென்பட்டதும் சமிக்ஞை நிலையம் ஒளி மின்னி அடையாளம் கேட்கும். நுழைவாயிலில் நீர்மூழ்கிகளையும் டோப்பிடோக்களையும் தடுக்க உருக்கு வலை விரித்திருக்கும். அதன் கதவாக நிற்கும் படகு வலையை விலக்கி வழி விடும். கப்பல் நுழைந்ததும் மூடிவிடும். இழுவைப் படகுகள் கப்பலைக் குறித்த மிதவைக்குக் கொண்டுபோய்க் கட்டும். உடனே எண்ணெய்க் குழாய், நன்னீர்ப் படகு, உணவுப் படகு, தபால்ப் படகு எனத் தேவைகள் ஒவ்வொன்றாகச் சேரும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரம் கடலில் காவலற்ற நேரம் என்பதால், எவ்வளவு விரைவில் நிரப்பி அனுப்ப முடிகிறது என்பதே தளத்தின் திறமைக்கு அளவுகோல்.

நாள் கடற்படைக் கடிகாரத்தில் ஓடியது. நான்கு மணி நேரக் காவல் முறைகள். மாலை நான்கு முதல் எட்டு வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரித்து, ஒரே ஆட்களுக்குத் தினமும் ஒரே நேரம் வராமல் மாற்றினர். விடியலில் கப்பலின் மேற்றளம் கழுவுதல், காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், பின் பயிற்சியும் பழுதுபார்ப்பும். நண்பகலில் மாலுமிகளுக்குக் குறித்த அளவு றம் வழங்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையில் இந்த வழக்கம் 1970 வரை நீடித்தது. இரும்புச் சுவர்களுக்குள் வெக்கை தாங்க முடியாதபோது பலர் மேற்றளத்தில் பாய் விரித்துத் தூங்கினர்.

கரையில் தொழிலாளரின் நாளும் அதோடு இணைந்தே நகர்ந்தது. வார்ப்பாலை, கொல்லுலை, தச்சுப் பட்டறை, மின்பட்டறை, கயிற்றுக் கிடங்கு, எண்ணெய்ப் பம்பி நிலையம், ஆயுதக் கிடங்கு என ஒவ்வொன்றிலும் உள்ளூர்த் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்தனர். எழுதுவினைஞர், பண்டகக் காப்பாளர், பொருத்துநர், வர்ணம் பூசுவோர், படகோட்டி, சுமைதூக்கி, சமையல்காரர், வண்ணார் எனப் பல தொழில்கள் ஒரே வேலிக்குள் இருந்தன. ஆங்கிலம் படித்தவருக்கு எழுதுமேசை வேலையும், கைத்திறன் உள்ளவருக்குப் பட்டறை வேலையும், எதுவும் இல்லாதவருக்கு நாட்கூலியும் கிடைத்தன. மாதச் சம்பளம் என்ற ஒன்று விவசாயமும் மீன்பிடியும் மட்டுமே இருந்த சுற்றூர்களுக்கு நிலையான வருமானத்தைக் கொண்டுவந்தது. பட்டறையில் கற்ற தொழிற்திறன் தளம் போனபின்னும் ஊரில் நின்றது.

நீர்மூழ்கிகளின் வாழ்வு தனியானது. ‘அடமன்ற்’, ‘மெய்ட்ஸ்ரன்’ என்ற தாய்க்கப்பல்கள் உட்துறைமுகத்தில் நின்றன. நீர்மூழ்கிகள் அவற்றின் பக்கத்தில் கட்டப்பட்டு, டோப்பிடோவும் எண்ணெயும் உணவும் ஏற்றிக்கொண்டு, ஆயிரம் கடல் மைலுக்கும் அப்பாலுள்ள மலாக்கா நீரிணைக்குப் போயின. வாரக்கணக்கில் வெயிலே காணாமல் இருந்து திரும்பும் மாலுமிகளுக்குத் தாய்க்கப்பலில் குளியலும் புதிய ரொட்டியும் படுக்கையும் காத்திருந்தன. ‘டாலிஹோ’ என்ற நீர்மூழ்கி 1944 ஜனவரி 11ஆம் திகதி பினாங்குக்கு அருகே ஜப்பானியக் குரூசர் ‘குமா’வை மூழ்கடித்தது. அடுத்த மாதம் எதிரிக் கப்பலின் சுழலியால் பக்கம் கிழிபட்டும், சாய்ந்தபடியே திருகோணமலை வந்து சேர்ந்தது. ஒல்லாந்த நீர்மூழ்கிகளும் இங்கிருந்து இயங்கின.

தளத்துக்கு நேர்ந்த பெரிய விபத்து 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி நடந்தது. பெருங்கப்பல்களின் அடியைப் பழுது பார்க்க உட்துறைமுகத்தில் மிதக்கும் உலர்தளம் ஒன்று இருந்தது. அறைகளில் நீர் நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே நுழைந்தபின் நீரை வெளியேற்றினால் கப்பலோடு மேலெழும். வேலியன்ற் கப்பலைத் தூக்கும்போது உலர்தளம் பாரந்தாங்காமல் உடைந்து மூழ்கியது. கப்பலின் சுழலிகளும் சுக்கானும் சேதமடைந்தன. அந்தப் போரில் அது மீண்டும் முன்னணிக்கு வரவில்லை. இத்தகைய ஓர் உலர்தளத்தை இழந்தபின் பெருங்கப்பல்களை நெடுந்தூரம் அனுப்பியே பழுது பார்க்கவேண்டியிருந்தது.

ஓய்வும் உடல்நலமும்

ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு ஊர் மிகச் சிறியது. கரை விடுப்பு நாளில் படகு படகாக இறங்கியவர்களுக்குக் கன்ரீன், திரைப்படம், கால்பந்து, ஹொக்கி, சிறு மணற்குடாக்களில் நீச்சல் என்பவையே பொழுதுபோக்கு. துறைமுகத்தின் சோபர் தீவு நீண்ட காலமாகக் கப்பலோரின் உல்லாச இடமாக இருந்தது. கடற்படை மகளிர் பிரிவினரும் போரின் பிற்பகுதியில் தளத்தில் சமிக்ஞை, எழுத்து வேலைகளைச் செய்தனர்.

மலேரியா இன்னும் பெரிய எதிரியாக இருந்தது. 1934–35இல் இலங்கையையே உலுக்கிய கொள்ளைநோயின் நினைவு மறையவில்லை. தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தல், கொசுவலை, மாலையில் முழுக்கைச் சட்டை, மெப்பாகிரின் மாத்திரை ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. வெப்பத்தில் களைத்தவர்களை ஊவா மலையின் தியத்தலாவை ஓய்வு முகாமுக்கு அனுப்பினர்.

போரில் இறந்தவர்களுக்கான கல்லறைத் தோட்டம் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம் இருக்கிறது. பல நாட்டவரும் பல மதத்தவரும் அங்கே அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள்.

சுதந்திரமும் கையளிப்பும்

1947 நவம்பர் 11ஆம் திகதி இலங்கையும் பிரித்தானியாவும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் அடைந்தபின்னும் அதன்படி திருகோணமலைத் தளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரிடமே இருந்தன. கிழக்கிந்தியப் பிரிவின் கப்பல்கள் இங்கிருந்து பாரசீக வளைகுடா வரை சுற்றி வந்தன. 1950 டிசம்பர் 9ஆம் திகதி அரச இலங்கைக் கடற்படை உருவானது. 1950களில் பிரித்தானிய, இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைக் கப்பல்கள் திருகோணமலைக்கு வெளியே கூட்டுப் பயிற்சி நடத்தின. போரின்போது எதிரிகள் மோதிய கடல் அண்டை நாடுகள் ஒன்றாகப் பயிலும் இடமானது.

1956 தேர்தலில் வென்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அந்நியத் தளங்கள் சுதந்திர நாட்டுக்குப் பொருந்தா என்ற கொள்கையுடையவர். சுயஸ் நெருக்கடி அந்த எண்ணத்துக்கு மேலும் வலுச் சேர்த்தது. பேச்சுவார்த்தைகளின்பின் 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைத் தளமும், நவம்பர் 1ஆம் திகதி கட்டுநாயக்கவும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் கிழக்கிந்தியப் பிரிவே கலைக்கப்பட்டது.

நாட்டின் இறைமைக்கு இந்தக் கையளிப்பு தேவையான படி. ஆனால் அதன் விலையை முதலில் செலுத்தியவர்கள் தளத் தொழிலாளர். வளர்ந்துகொண்டிருந்த சிறு கடற்படைக்கு அத்தனை பேர் தேவைப்படவில்லை. வேலையிழந்த சுமார் 400 தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்களை வடமத்திய மாகாணக் குடியேற்ற நிலங்களில் அமர்த்த அரசு முன்வந்தது. அதற்கு அங்கே எழுந்த இனவாத எதிர்ப்பு 1958 கலவரத்துக்கு முந்திய பதற்றங்களுள் ஒன்றானது. கப்பல்களைக் காத்த கைகளுக்கு அவர்களுடைய நாட்டிலேயே ஒரு துண்டு நிலம் தர மறுக்கப்பட்டது தளத்தின் வரலாற்றில் மறக்கக்கூடாத பகுதி.

கையளிப்புக்குப் பின்

டொக்யார்ட் அன்று முதல் இலங்கைக் கடற்படையின் முதன்மைத் தளம். அதன் கிழக்குக் கட்டளையகமும் அதிகாரிகளைப் பயிற்றும் கல்விக்கூடமும் அங்கேதான் இருக்கின்றன. துறைமுகத்தின் போர் மதிப்பு நீங்கவில்லை என்பதை 1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய–இலங்கை உடன்படிக்கை காட்டியது. அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் அளிப்பதில்லை என்று இலங்கை ஒப்புக்கொண்டது. எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைப்பது பற்றியும் அதில் சொல்லப்பட்டது.

101 குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. 2003இல் அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி கீழ்த் தொகுதியின் 14 குதங்கள் அந்நிறுவனத்திடம் தொடர்கின்றன. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61 குதங்கள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, அதில் இலங்கையின் பங்கு 51 வீதம். சிங்கப்பூருக்குப் போகும் போர்க்கப்பல்களுக்காக நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய உருக்குத் தாங்கிகள் இன்று இரு அயல்நாடுகளின் எரிபொருள் வணிகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன.